லொரெயின் பெக்ரம் தோண்டிய பூப்பாத்தி

லொரெயின் பெக்ரமைக் கண்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். பதினெட்டு வருஷம் கையில் அளவுநாடாவும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவள் இங்கே நடந்தாள். ஹேசல்மீட் தோட்ட நகரத்தில் வீட்டின் வெளிப்புறத்தில் எதைத் தொடுவதென்றாலும் ஊர் அறக்கட்டளையின் ஒப்புதல் வேண்டும். ஜன்னல், கதவின் நிறம், கூரை ஓடு, புதர்வேலியின் உயரம் எல்லாவற்றுக்கும் வேண்டும். வந்து பார்த்துக் குறிப்பு எழுதுகிறவள் அவள்தான். பிளாஸ்டிக் ஜன்னல் கேட்டவர்களுக்கு முடியாது என்றாள். வேலியை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தக் கேட்டவர்களுக்கும் முடியாது என்றாள். அதனால் அவளுக்கு 'முடியாதம்மா' என்று பெயர் விழுந்தது. வைத்தவள் நான்தான் என்று சொல்வார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் ஹெதர். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பியர்ட்ரீ சந்தில் பன்னிரண்டாம் எண் வீடு. லொரெயினைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே நடந்தது முழுவதும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் எழுதமாட்டாள்.

அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஜன்னல் செய்கிற தச்சரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருஷம் கழித்து ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு வேறு வேறு அலுவலகங்கள், கடைசியில் அறக்கட்டளை. கல்யாணம் ஒன்று ஆகி ஒன்பது வருஷத்தில் முடிந்தது. குனிந்து எழும்போது மட்டும் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொள்வாள். மற்றபடி அவளுக்கு உதவி தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பழைய வீட்டில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு குளிரைத் தாங்கச் சொல்கிறவள் என்றுதான் நாங்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அவள் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டோம். அதுவும் எங்கள் வீடுகளைப் போல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் கட்டியதுதான். பரணில் கம்பளி ரோமத்தை மெத்தையாகப் பரப்பியிருந்தாள். பழைய ஜன்னல்களைக் கழற்றாமல் உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி ஒன்றைத் தன் கையாலேயே செய்து பொருத்தியிருந்தாள். பின்கட்டில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிற ஹீட் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரியில் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஓடு கூட மாறியிருக்காது. அப்போது எங்களில் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பதினான்காம் எண்ணுக்கு கியரன், டாம்சின் தம்பதியர் லண்டனிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கியரனுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை, டாம்சின் பல் மருத்துவமனையில் நர்ஸ். நான்கு வயதில் போசி என்று ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு சரியில்லை. போன குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்தாள். மாடி அறை குளிர்கிறது என்று அவளைக் கீழே, பக்கச் சுவரை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றினார்கள். அந்தச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. டாம்சின் வாரா வாரம் துடைத்தாள். வாரா வாரம் அது திரும்ப வந்தது.

ஜனவரியில் கியரன் விண்ணப்பம் போட்டான். குளிர் உள்ளே வராமலிருக்க வீட்டைச் சுற்றி வெளியே நாலு அங்குல நுரைப்பலகை ஒட்டி அதன்மேல் பூசிவிடுவது திட்டம். ஆள் பேசி, சாரம் கட்டத் திங்கட்கிழமை என்று தேதியும் வாங்கிவிட்டான். அதற்கு முந்தைய வியாழக்கிழமை அறக்கட்டளைக் குழு கூடி முடிவு சொல்லவேண்டும். லொரெயின் முடியாது என்பாள் என்று ஊருக்கே தெரியும். டாம்சின் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். குழந்தையின் மூச்சா, சுவரின் அழகா என்று மேலே எழுதியிருந்தது. நானூறு பேர் போட்டார்கள். நானும் போட்டேன்.

குழு கூடுகிற வாரம் திங்கட்கிழமை காலையில் லொரெயின் வந்தாள். ஈரம் அளக்கிற கருவியைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தாள். மேலே குறைவாகக் காட்டிய முள், கீழே வர வர ஏறியது. போசியின் கட்டிலருகே நின்று குதிகாலால் இரண்டு தடவை அழுத்தினாள். அடியில் வெற்றிடம் விட்டுப் போட்ட பலகைத்தரை அசைந்தது. இந்தச் சுவர்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது, ஒன்பது அங்குலச் செங்கலும் சுண்ணாம்பும்தான். வெளியே மூச்சு விட வழி இருக்கிறவரை அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே நுரைப்பலகையை ஒட்டினால் எல்லாம் உள்ளேதான் தங்கும், இதைவிட மோசமாகும் என்றாள். ஒரே ஒரு தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேட்டாள்.

கியரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். "ஊரு அழகா இருக்கணும்னு என் பொண்ணு மூச்சு முட்டணுமா மேடம்? சுவத்தையும் தொடக்கூடாது, இப்பத் தரையையும் பேத்தெடுக்கணும். கிளம்புங்க."

அவள் கிளம்பினாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் வாசலுக்கு வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பதினான்காம் எண்ணின் பக்கச் சுவர்தான் என் தோட்டத்தின் எல்லை. அந்தச் சுவரின் காலடியில் முப்பது அடி நீளத்துக்கு என் பூப்பாத்தி. வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் பூக்கும். ஜூலை மாதம் முன்தோட்டப் போட்டியில் ஏழு முறை முதல் பரிசு வாங்கிய பாத்தி. அறக்கட்டளை நாட்காட்டியில்கூட அதன் படம் வந்திருக்கிறது.

போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவர்கள் வாசலுக்குள் காலை வைக்கக்கூடாது. நடைபாதையில் நின்று வேலிக்கு மேலாகப் பார்த்துத்தான் மதிப்பெண் போடவேண்டும். அதனால் நாங்கள் எல்லோரும் என்ன செய்வோம் என்றால், வேலிப் பக்கம் தாழ்வாகவும் சுவர்ப் பக்கம் மேடாகவும் மண்ணை ஏற்றுவோம். அப்போதுதான் கடைசி வரிசைப் பூவும் தெருவிலிருந்து தெரியும். இலையுதிர்காலத்தில் மண் அமுங்கும். நாலு வண்டி மக்கு உரம் கொட்டி மறுபடி ஏற்றுவோம். இந்த ஊரில் இது யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் வரும்.

லொரெயின் வேலியோரம் நின்றே கேட்டாள். "ஹெதர், உன் பாத்திக்குப் பின்னாடி சுவத்தடியில ஓட்டைக்கல் இருக்கணும். தரைக்குக் கீழ காத்துப் போறதுக்கு. இந்த வரிசையில எல்லா வீட்டுக்கும் மூணு உண்டு. நீ எப்பவாவது பாத்திருக்கியா?"

"நான் ஒண்ணும் பாக்கலை," என்றேன்.

பொய். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மேட்டை உயர்த்தியபோது அந்த மூன்று கற்களையும் பார்த்தேன். மண் ஓட்டைக்குள் சரிந்து சரிந்து போனது, மேடு நிற்கவில்லை. கூரையிலிருந்து கழற்றிய பழைய சிலேட்டு ஓடுகள் மூன்றைக் கொண்டுவந்து ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நிறுத்தி, அணைத்து மண்ணைப் போட்டேன். அவை எதற்கு இருக்கின்றன என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. என் வீட்டிலும் அதே கற்கள் இருக்கின்றன. அவற்றை நான் அடைக்கவில்லை.

கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஜூலை முடியட்டும் என்றேன். இப்போது பியோனி வேரைத் தொட்டால் இந்த வருஷம் பூக்காது என்று காரணமும் சொன்னேன். என் நிலத்தில் தோண்ட அவளுக்கு உரிமை இல்லை, அது அவளுக்கும் தெரியும். அந்த முழங்காலோடு வேலிக்கு அந்தப் பக்கம் குனிந்து, வேர்களின் இடுக்கில் சுவரின் அடி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பயத்தைத்தான் எரிச்சல் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நான் குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். டாம்சின் போசியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. விலாவெலும்பு தெரிய மூச்சை இழுத்தாள். அழவில்லை, அழுவதற்கு அவளிடம் காற்று இல்லை. என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் எனக்குக் கையாட்டுகிற பெண். அந்தப் பழக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். டாம்சின் அந்தக் கையை உள்ளே தள்ளிவிட்டு ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தச் சொன்னாள்.

ஒன்பதரைக்கு லொரெயினின் கார் சந்தில் வந்து நின்றது. நான் வாசல் கதவைத் திறந்தேன். "தோண்டணும்னா தோண்டு," என்றேன். ஏன் மனசு மாறியது என்று அவள் கேட்கவில்லை. காரிலிருந்து மண்வெட்டியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒவ்வொரு செடியையும் வேர்மண்ணோடு எடுத்துச் சாக்கில் வரிசையாக வைத்தாள். நானாக இருந்தால்கூட அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கமாட்டேன். ஒரு அடி போயிற்று. ஒன்றரை அடி போயிற்று. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன், நிற்க முடியாமல் வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போனேன். இரண்டு அடியில் மண்வெட்டி எதிலோ உரசியது. மண்டியிட்டுக் கையால் மண்ணை வழித்தாள்.

முதல் சிலேட்டு நேராக நின்றது. ஆறடி தள்ளி இரண்டாவது. இன்னும் ஆறடியில் மூன்றாவது. தானாக விழுந்தது அப்படி நிற்காது. அவள் ஒன்றை எடுத்தாள். பின்னால் ஓட்டைக்கல் சிலந்திவலையோடு சுத்தமாக இருந்தது, ஒரு பொடி மண் உள்ளே போகவில்லை. அவ்வளவு ஒழுங்காக அடைத்திருந்தேன்.

லொரெயின் கையிலிருந்த சிலேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். மூன்றையும் ஒரு சாக்கில் சுற்றிக் காரின் பின்பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து, வாளி இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். 

மதியம் கியரன் குழந்தைக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தான். முகச்சவரம் இல்லை, கண் சிவந்திருந்தது. போசிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றான். லொரெயினைப் பள்ளத்தில் பார்த்ததும் கத்தப் போனான். அவள் கல்லைக் காட்டினாள், காற்று வரும் வழி இது, மண்ணால் மூடிக் கிடந்தது என்று மட்டும் சொன்னாள்.  பிறகு உள்ளே போய்க் கடப்பாரை எடுத்துக் கட்டிலை நகர்த்தித் தரைப்பலகையை அவனே பெயர்த்தான். நாங்களும் பின்னால் போனோம்.

உள்ளேயிருந்து வந்த வாடை என் தொண்டையில் இப்போதும் இருக்கிறது. பலகையைத் தாங்குகிற மரச்சட்டத்தில் லொரெயின் விரலை வைத்தாள். விரல் முழுவதும் உள்ளே போனது, நனைந்த கேக்கில் போவது போல. அடுத்த சட்டமும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும் அப்படித்தான். சுவரோரம் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கட்டிலின் ஒரு கால் ஒரு அங்குலப் பலகையின் மேல் நின்றிருந்தது, பலகைக்குக் கீழே தாங்க எதுவும் இல்லை. அந்தக் காற்றைத்தான் அந்தக் குழந்தை சுவாசித்திருக்கிறாள்.

கியரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "வர்ற திங்கட்கிழமை இது எல்லாத்தையும் வச்சு மூடியிருப்பேன்," என்றான்.

வியாழக்கிழமைக் குழுக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. லொரெயின் எழுந்து, நுரைப்பலகை வேண்டாம் என்று சொன்னபோது பின்னால் முணுமுணுத்தார்கள். முதலில் தரை, பிறகு சுவர், பிறகு ஜன்னல் என்று மாற்றுத்திட்டம் ஒன்றை வரைபடத்தோடு வைத்தாள். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அப்போது தலைவர் கேட்டார்: அந்தக் கற்கள் எப்படி மூடிப்போயின, யாருக்கும் தெரியாதா?

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். 

"வருஷா வருஷம் மண்ணு ஏறியிருக்கு," என்றாள் லொரெயின். "போட்டி நடுவரா இருந்து அந்தப் பாத்திக்கு ஏழு தடவை முதல் பரிசு குடுத்தது நான். சுவத்துப் பக்கம் மேடா இருக்கிறது எடுப்பா இருக்குன்னு என் கையால எழுதியிருக்கேன். சுவரைப் பாக்கிறதுதான் என் வேலை. ஒரு தடவைகூட உள்ள போய்க் குனிஞ்சு பாக்கலை. அது என் தப்பு."

சிலேட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு எப்போதும் கால் நன்றாகத்தான் வரும்.

குழு திட்டத்தை ஏற்றது, லொரெயின் மாட்டிக்கொண்டாள். குழந்தையை நோயில் தள்ளிய பாத்திக்குப் பரிசு கொடுத்த அதிகாரி என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அதே நானூறு பேரில் பாதி, அவளை நீக்கச் சொல்லி இன்னொரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரலில் அவளே வேலையை விட்டுவிட்டு, வட்டச்சாலையில் ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தாள். டாம்சின் ஒரு நாள் ரொட்டிக்கடையில் வைத்து எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டாள், உங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால் குனிந்து பார்த்திருப்பீர்கள் இல்லையா என்று. லொரெயின் வாங்கிய ரொட்டியைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போனாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கக்கூட இல்லை.

பதினான்காம் எண்ணில் மே மாதம் தொடங்கிய வேலை செப்டம்பரில் முடிந்தது. புதிய மரச்சட்டங்கள் போட்டு, நடுவில் மரநார் மெத்தை வைத்து, கீழே காற்று போக இடம் விட்டார்கள். வெளிச்சுவரில் யாரோ எப்போதோ அடித்த பிளாஸ்டிக் பெயிண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். உள்சுவருக்கு மரநார்ப்பலகையும் சுண்ணாம்புப் பூச்சும். பழைய ஜன்னல்கள் அப்படியே இருந்தன, உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி வந்தது. எல்லாம் அவள் வரைபடம்தான். சந்தேகம் வந்தால் அங்கே வேலை பார்த்த தச்சர் ரகசியமாக அவளுக்குத்தான் போன் போடுவார். கியரனுக்குத் தெரிந்தால் கோபப்படுவான் என்று தோட்டத்து மூலையில் நின்று பேசுவார். என் பாத்தியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, தாழ்வாக அமைத்தேன். ஓட்டைக்கற்களின் முன்னால் இலை சேர்ந்தால் தினமும் கூட்டினேன்.

அந்தக் குளிர்காலத்தில் போசிக்கு ஒரே ஒரு தடவை சளி பிடித்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை. வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டாம்சின் எனக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். பாத்தியையே விட்டுக்கொடுத்தீர்கள், உங்களை மாதிரிப் பக்கத்து வீடு யாருக்குக் கிடைக்கும் என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தக் கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் பெயிண்ட் கடைக்குப் போனேன். லொரெயின் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த மூணு ஓட்டையும் உன் நிலத்துப் பக்கம் இருக்கு ஹெதர். அதைத் திறந்து வச்சிருக்கப்போறவ நீதான். அன்னைக்கு நான் சொல்லியிருந்தா கியரன் உன்னைச் சும்மா விட்டிருக்கமாட்டான், நீயும் வேலிக்கு வேலி மல்லுக்கு நின்னுருப்ப. உன்னை எனக்குத் தெரியும். என்னை நாலு பேரு திட்டினா அந்தப் புள்ளைக்கு மூச்சு நிக்காது."

எனக்கு அழுகை வந்தது. அவள் ஒரு துணியைக் கொடுத்தாள், பெயிண்ட் துடைக்கிற துணி. அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் அவரிடம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே பதினான்காம் எண்ணுக்குப் போனேன். டாம்சின் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். மூன்று சிலேட்டுகள், பதினோரு வருஷம், தெரிந்தே செய்தது, கேட்டபோது இல்லை என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. பாதியில் கியரனையும் கூப்பிட்டாள். "இவர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க," என்றாள். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

கியரன் என்னைத் திட்டவில்லை. லொரெயினுக்கு இது தெரியுமா என்று கேட்டான். தோண்டிய அன்றே தெரியும் என்றேன். "அவங்களைத்தான் கிளம்புங்கன்னு துரத்தினேன்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டான். ஆறு மணிக்கு என்றேன். மணி ஐந்தே முக்கால். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னைத் தாண்டி ஓடினான்.